கப்பல் நின்ற நாளில் தணிகை மலை

தை மாதத்தின் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்குச் சென்னைத் துறைமுகத்தின் வாயிலில் காத்திருந்தேன். உள்ளே, பல அடுக்கு மாளிகை ஒன்றைக் கடலில் இறக்கி வைத்தாற்போல ஓர் உல்லாசக் கப்பல் நின்றிருந்தது. அதில் வந்தவர்களை மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் அழைத்துச் செல்லக் குளிர்சாதனப் பேருந்துகள் வரிசையாக நின்றன. என் நண்பர் அவற்றில் எதிலும் ஏறவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியே நடந்து வந்தார். நாங்கள் நேரில் பார்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. "எத்தனை மணிக்கு மலைக்குப் போய்ச் சேரலாம்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை.

மாலை ஐந்தரை மணிக்குள் அவர் கப்பலில் இருக்க வேண்டும். தவறினால் கப்பல் காத்திராது.

எழுத்தில் 'அவர்' என்று எழுதுகிறேனே தவிர, நேரில் எங்களுக்குள் 'நீ, வா, போ'தான். இருவரும் திருத்தணியில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1974ஆம் ஆண்டு அவர் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலேறிப் பினாங்குக்குப் பிழைக்கப் போனார். புறப்படுவதற்கு முந்தின நாள் அவருடைய தாயார் எங்கள் இருவரையும் மலைக்கு அழைத்துச் சென்று, கொடிமரத்தின் முன் நின்று வேண்டிக்கொண்டார். மகன் கடல் தாண்டி நலமாகப் போய்த் திரும்பி வந்தால், முடி காணிக்கை கொடுத்து, அடிவாரத்திலிருந்து படியேறி வந்து தரிசனம் செய்வான் என்பது அந்த வேண்டுதல். மகனுக்காகத் தாய் செய்துகொண்ட அந்த நேர்ச்சை இன்றுவரை நிறைவேறாமலே இருந்தது.

துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கார் ஏழுகிணறு பக்கமாகத் திரும்பியது. வீராசாமிப் பிள்ளைத் தெரு அங்கேதான் இருக்கிறது. இராமலிங்க அடிகளார் சிறு வயதில் அந்தத் தெருவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் கண்ணாடியின் முன் விளக்கேற்றி அமர்ந்தபோது, கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி தந்ததாக வரலாறு சொல்லும். மலைக்குப் போகாதவருக்கு மலையே வீடு தேடி வந்தது. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர், "வள்ளல் பெருமானுக்கு வருவான். நமக்கு நாம்தான் போக வேண்டும்" என்றார்.

திருவள்ளூர் வழியாகத் திருத்தணி ஏறத்தாழ 85 கிலோமீட்டர். சாலை இப்போது அகலம். இருந்தாலும் வயதான அன்பர்களுக்கு நான் ரயிலையே சொல்வேன். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் மின்தொடர் வண்டி அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கே செல்கிறது. எங்களுக்கு அன்று கடிகாரம்தான் எஜமானன், அதனால் கார்.

ஊர் எல்லையை நெருங்கும்போதே காதில் தெலுங்கு விழத் தொடங்கிவிடும். பூ விற்கும் அம்மாள் ஒருவருக்குத் தமிழில் விலை சொல்லி, அடுத்தவருக்குத் தெலுங்கில் சொல்வார். அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் குழுவின் முடிவும் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அப்போது எங்களுக்கு ஒன்பது வயது. "நேற்று ஆந்திராவில் படுத்தோம், இன்று சென்னை ராஜ்யத்தில் எழுந்தோம். மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது" என்று நண்பரின் தாயார் வாசலில் கோலமிட்டபடி சொல்லிச் சிரித்தது இருவருக்கும் நினைவிருந்தது. அன்று காரில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான். பிறகு இருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அதற்குக் காரணம் உண்டு. மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

1983ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் அந்த அம்மையார் படுத்த படுக்கையானார். ஒரே மகன் கடலுக்கு அப்பால். பக்கத்து வீட்டில் இருந்த என்னிடம், "தந்தி கொடுத்துவிடு, அப்பா" என்றார். நான் கொடுக்கவில்லை. தேறிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தேன். விமானக் கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காலம் அது. நண்பர் கப்பல் பிடித்து வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது பங்காளி ஒருவர். "அம்மா எப்போது தந்தி கொடுக்கச் சொன்னாள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் மறுமொழி பேசவில்லை. தாயை இழந்த மகன் ஓராண்டுக்கு மலைக்கோயில் ஏறுவது எங்கள் வழக்கம் இல்லை. ஆகவே மலையை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கடிதம் இல்லை. மகளின் திருமணப் பத்திரிகையோடு மீண்டும் எழுதத் தொடங்கினார். நலம் விசாரிப்பதற்கு மேல் அந்தக் கடிதங்களில் எதுவும் இராது.

பத்தே காலுக்குச் சரவணப் பொய்கையின் கரையை அடைந்தோம். முடி காணிக்கைக்கு இப்போது கட்டணம் கிடையாது. நாவிதர் நண்பரின் வெள்ளை முடியைத் தண்ணீர் தொட்டு நனைத்தபோது, நண்பர் கண்களை மூடிக்கொண்டார். குளித்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்தபோது, பள்ளி நாட்களில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்த பையனின் முகம் அப்படியே தெரிந்தது.

மலைமேல் வரை வாகனம் போகப் பாதை இருக்கிறது. நண்பருக்கு ஒரு மூழங்கால் அறுவை செய்து மாற்றப்பட்டது. எனக்கு இருதயத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். "காரிலேயே போய்விடுவோமா?" என்றேன். அவர் விடை சொல்லாமல் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தணிகை மலையின் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். வள்ளிமலை சுவாமிகள் என்று போற்றப்படும் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த திருப்படித் திருவிழா ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று நடக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளைத் தேடிப்போய் வணங்கிக்கொண்டிருந்த காலத்தில், 'நம் துரை தணிகையில் இருக்கிறான், அவனை வணங்குவோம்' என்று அன்பர்களை இங்கே திருப்பிவிட்டவர் அவர். படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுவது அந்த நாளின் முறை. சாதாரண நாளிலும் படிபூசை செய்யும் பெண்களைக் காணலாம். அன்றும் ஓர் இளம்பெண் ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இடையில் உட்கார மண்டபங்கள் உண்டு, அவசரம் வேண்டாம். ஆனால் வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள். பதினொரு மணிக் கல்லின் சூடு தை மாதத்திலும் உள்ளங்காலைச் சுடுகிறது.

பாதி வழியில் ஒரு மண்டபத்தில் நண்பர் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பொய்கையின் நீர் வெயிலில் பளபளத்தது. மணி பதினொன்றே கால். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஒரு வாரம் அம்மா என்ன பேசினாள்?" என்று கேட்டார்.

நாற்பது ஆண்டுகளாக நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. சொன்னால் என் பிழைக்குச் சாக்குத் தேடுவதாகிவிடும் என்றே சொல்லவில்லை. அன்று சொன்னேன். தந்தி கொடுக்கச் சொன்ன மூன்றாம் நாள் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "நல்லதாயிற்று. புயல் காலம். கடல் கொந்தளிக்கும். மழை விடட்டும், பிறகு கொடு. பிள்ளை இந்தக் கடலில் வர வேண்டாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் நான் கொடுத்திருக்க வேண்டும். உடம்பின் நிலை எனக்குத் தெரிந்திருந்தது. இதையும் சொன்னேன்.

நண்பர் கைத்தடியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படித்தான் சொல்லியிருப்பாள்" என்றார். பிறகு எழுந்து, என் தோளில் கை வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். மீதிப் படிகள் முழுவதும் அந்தக் கை அங்கேயே இருந்தது. தடியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அறுபடை வீடுகளில் ஐந்தாவது இது. சூரனோடு பொருத சினமும், வள்ளிநாயகியின் பொருட்டு வேடரோடு பொருத சினமும் தணிந்து எம்பெருமான் அமர்ந்த இடம் ஆதலால் தணிகை என்று பெயர். கந்த சஷ்டிக்கு மற்றத் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கே அது கிடையாது. அன்று முருகனுக்கு மலர்களால் அருச்சனைதான். போர் முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் யாரும் போர்க்கதை கேட்பதில்லை அல்லவா?

சந்நிதிக்கு முன் மயிலைத் தேடும் புதியவர்களுக்கு யானை கண்ணில் படும். தெய்வயானையை மணமுடித்துக் கொடுத்த இந்திரன் ஐராவதத்தையும் சீராக அளித்தான் என்றும், யானை போனதால் தன் செல்வம் குறையக் கண்டு, அது தன் உலகத்தை நோக்கி நிற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டான் என்றும் தலபுராணம் சொல்கிறது. அதனால் இங்கே யானை இறைவனைப் பாராமல் வெளிப்புறம் பார்த்து நிற்கிறது. பிறந்த வீட்டுச் சீராக வந்தது, பிறந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நண்பர் அந்த யானையின் முன் சற்று அதிக நேரம் நின்றார்.

வியாழக்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. கருவறை விளக்கொளியில் முருகனை நின்று, நிதானமாகத் தரிசித்தோம். நண்பர் தாயாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அருச்சனை செய்தார். காலமானவர் பெயருக்கு அருச்சனை செய்வதில்லை என்று அருச்சகரிடம் நான் சொல்ல வாயெடுத்தேன். நண்பர், "வேண்டுதல் அவளுடையது" என்றார். அருச்சகர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, 'குடும்பத்தார்' என்று முடித்தார்.

வெளியே வந்ததும் நண்பர் கற்கண்டு வாங்கினார். முத்துசுவாமி தீட்சிதர் இந்த மலையில் தியானத்தில் இருந்தபோது, முதியவர் வடிவில் வந்த முருகன் வாயில் கற்கண்டை இட்டு மறைந்ததாகச் சொல்வார்கள். மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ' என்னும் கீர்த்தனையே தீட்சிதரின் முதல் படைப்பு என்பதும், 'குருகுஹ' முத்திரை இங்கே பிறந்ததே என்பதும் சங்கீத உலகம் அறிந்தவை. எங்கள் இருவருக்கும் சர்க்கரை வியாதி. "ஒன்று சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று நண்பர் ஒரு துண்டை என் வாயில் போட்டார்.

இறங்குவதற்குக் கார்தான். இரண்டு மணிக்குப் புறப்பட்டாக வேண்டும். ஆற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை இந்த முறையும் பார்க்க முடியவில்லை. அபராஜித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் எடுப்பித்த, யானையின் பின்புறம் போன்ற வளைவுடைய தூங்கானை மாடக் கோயில் அது. அதன் கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அரசனே இயற்றியது என்று அதிலேயே குறிப்பும் உண்டு. ஊர்க்காரர்களாகிய நாங்களே சிறு வயதில் அதன் நிழலில் கோலி ஆடினோமே அன்றி, அருமை அறிந்தோமில்லை. திருத்தணிக்கு வரும் அன்பர்கள் மலையிறங்கியதும் அரை மணி நேரம் அதற்கும் ஒதுக்குங்கள். கும்பல் இருக்காது.

எங்கள் பழைய தெருவுக்குள் கார் நுழையவில்லை. தெருமுனையில் நிறுத்திப் பார்த்தோம். நண்பரின் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம். அவர் இறங்கவில்லை. "போகலாம்" என்றார்.

திருவள்ளூரில் ஒரு லாரி குறுக்கே நின்று முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிட்டது. எனக்குப் பதற்றம். ஓட்டுநரை நான்கு முறை விரட்டினேன். நண்பர் சந்தனத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். துறைமுக வாயிலை அடைந்தபோது ஐந்தேகால்.

வாயிற்காவலர் கடவுச்சீட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் வகிடு எடுத்த வெள்ளை முடி. எதிரே மொட்டைத் தலை, காய்ந்த சந்தனம். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. காவலர் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"பழநியா, திருத்தணியா?"

"தணிகை" என்றார் நண்பர்.

காவலர் தொப்பியை எடுத்து இடுக்கிக்கொண்டு, இரண்டு விரலால் அவருடைய தலையிலிருந்த சந்தனத்தைத் தொட்டுத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டு வழிவிட்டார். தடி என் கையிலேயே இருந்துவிட்டது. கூப்பிட்டேன். "அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்கிறேன், நீயே வைத்திரு" என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, கப்பலை நோக்கி நடந்தார்.