அவுட்ஸ்டேஷன்

ஜொகூரில் 'தம்போய்' வெறும் ஊர்ப் பெயர் இல்லை. பள்ளியில் யாராவது கோமாளித்தனம் பண்ணினால், "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். வடக்கே தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, இங்கே தம்போய் அப்படி. 1937இல் திறந்த மனநல மருத்துவமனையால் ஒட்டிக்கொண்ட பெயர். உண்மையில் தம்போய் ஒரு காட்டுப் பழம். அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. தம்போயிலேயே குடியிருந்தும் அந்தக் கிண்டலுக்கு நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், அண்ணனுக்கு வரும்வரை.

அண்ணனுக்குச் சிங்கப்பூரில் ஷிஃப்ட் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டுவான். இருபத்தாறு வயதில் முதலில் தூக்கம் போனது. அப்புறம் பேச்சு குறைந்தது. ஒருநாள் ராத்திரி சுவரில் காதை வைத்துக்கொண்டு, "அம்மா, இவங்க உன்னைத் திட்டுறாங்க, கேக்கலையா?" என்றான். கேக்குது என்றும் சொல்ல முடியாமல், கேக்கல என்றும் சொல்ல முடியாமல் அம்மா அப்படியே நின்றார்.

நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம். முதலில் அங்கேதான் ஓடினோம். உபவாச ஜெபம், எண்ணெய் பூசுதல், தலையில் கை வைத்து அதட்டுதல் என்று பதினோரு வாரம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அழுதுகொண்டே ஜெபித்தவர்களும் உண்டு. ஆனால் குணமாகாமல் வீடு திரும்பிய ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குற்றம் எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வந்தது. வீட்டில் ஏதோ பாவம் இருக்கு என்றார் ஒருவர். விசுவாசம் பத்தல என்றார் இன்னொருவர். கடைசியில் அண்ணன்தான் கேட்டான்: "இத்தனை பேர் வெளிய கத்தினா, உள்ள கத்துறவங்க எப்படி அடங்குவாங்க?"

அதற்கடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு நோய். மாத்திரை ரொம்ப நாளைக்குச் சாப்பிடணும், முதலில் சில வாரம் வார்டில் இருக்கணும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். "அவுட்ஸ்டேஷன் வேலையா கே.எல். போயிருக்கான்" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். அதையே ஆறு வாரம் சொன்னேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் படுத்திருந்தவனை, ஸ்தோத்திரம் சொல்லிய அதே வாயால், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்தேன்.

வார்டு வாசலில் காத்திருக்கும்போது 88ஆம் சங்கீதத்தைப் படித்தேன். ஏமான் என்பவன் பெயரில் உள்ளது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நன்றிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. கூட இருந்தவர்கள் எல்லாம் விலகிவிட்டார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. பதில் இல்லை, விடியல் இல்லை. ஆனாலும் 150 சங்கீதங்களில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆறுதல் கிடைக்காதவனின் ஜெபமும் ஜெபம்தான் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். ஏமானை விட்டு விலகியவர்களில் நானும் ஒருத்தி என்று எனக்குப் பட்டது.

அந்த நாட்களில்தான் அந்த மருத்துவமனையின் பழைய கதை ஒன்று தெரியவந்தது. 1941 நவம்பரில் ஆஸ்திரேலிய ராணுவத்தின் 13ஆம் பொது மருத்துவமனை சிங்கப்பூரிலிருந்து இங்கே மாறி வந்தது. ஜப்பானியப் படை நெருங்கியதும் 1942 ஜனவரியில் திரும்பிப் போனது. பிப்ரவரியில் 65 ஆஸ்திரேலியத் தாதிகள் வைனர் புரூக் கப்பலில் தப்பிப் புறப்பட்டார்கள். தம்போயில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். கப்பல் பங்கா தீவருகே குண்டு வீசி மூழ்கடிக்கப்பட்டது. கரையேறியவர்களில் 22 தாதிகளைக் கடலுக்குள் நடக்கச் சொல்லி ஜப்பானியர்கள் சுட்டார்கள். விவியன் புல்விங்கல் ஒருவர் மட்டும் பிழைத்தார். அவரும் 13ஆம் மருத்துவமனைக்காரர்தான்.

பிழைத்தவர்கள் சுமத்ராவின் சிறை முகாம்களில் மூன்றரை வருஷம் கிடந்தார்கள். அங்கே மார்கரெட் டிரைபர்க் என்ற மிஷனரியும் இருந்தார். 1942 ஜூலையில் கைதிகளுக்காக ஒரு பாட்டு எழுதினார். பிறகு அவரும் நோரா சேம்பர்ஸும் சேர்ந்து, வாத்தியமே இல்லாமல், பெண்களின் குரலாலேயே ஓர் இசைக்குழு அமைத்தார்கள். பெரிய இசைக்கோவைகளை வார்த்தை இல்லாமல் வெறும் முனகலாகப் பாடினார்கள். 1943 டிசம்பர் 27 அன்று முதல் கச்சேரி. பிறகு பாடியவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், குழு நின்றுபோனது. டிரைபர்க் 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதம் முன்பு இறந்தார். 65 தாதிகளில் 24 பேர் வீடு திரும்பினார்கள்.

இதில் அற்புதம் எங்கே என்று சபையில் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. செத்தவர்களுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஏழாவது ஞாயிறு, சாட்சி நேரத்தில் எழுந்தேன். சாட்சி என்றால் குணமானவர்கள் சொல்வது. நான், "அண்ணன் கே.எல்.ல இல்ல. தம்போய் ஆஸ்பத்திரியில இருக்கான். இன்னும் குணமாகல. பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

ஆராதனை முடிந்து கார் பக்கம் போனபோது, எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் பாட்டி ஒருவர் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசிப் பழக்கமில்லை. "விசிட்டிங் எத்தனை மணிக்கும்மா?" என்றார். கொஞ்சம் நின்று, "என் தம்பியும் அங்க இருந்தான். அப்ப நான் போகல" என்றார்.

மறுநாள் மீ கோரெங் தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்தார். ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை. வசனமும் சொல்லவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாட்டியும் அப்படித்தான் உட்கார்ந்தார். அண்ணன் சாப்பிடும்போது ஏதோ பழைய ஞானப்பாட்டின் மெட்டைத் தனக்குள் முனகிக்கொண்டிருந்தார். அண்ணன் முள்கரண்டியை நிறுத்தி, "ஆச்சி, அது தப்பு, மேல போகணும்" என்று சரியாக முனகிக் காட்டினான். சின்ன வயதில் சபையில் கீபோர்டு வாசித்தவன் அவன். நானே மறந்திருந்தேன்.

இப்போது வீட்டில் இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான். குரல்கள் குறைந்திருக்கின்றன, முழுக்கப் போகவில்லை. செக்கப்புக்குப் போகிற நாளில் யாராவது போன் பண்ணினால், "தம்போய் ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று சொல்கிறேன். சொல்லும்போது இன்னும் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது.