காது பத்திரம்!

வாதத்தில் தோற்றவன் காதை அறுக்கலாம் என்று இன்றைக்கு ஒரு சட்டம் வந்தால், நம்ம ஆபீஸ்களில் மூக்குக்கண்ணாடி போட ஒரு ஆள் மிஞ்ச மாட்டார். மாட்டுவதற்குக் காது வேண்டாமா?

அந்தக் காலத்தில் அப்படி ஒருத்தர் இருந்ததாகக் கதை. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார்! அரைகுறைப் புலவர்களை வாதுக்கு இழுப்பாராம். தோற்றால் காது போச்சு. அவர் ஒருநாள் எங்க திருவண்ணாமலை அருணகிரிநாதரிடம் வந்து மாட்டிக்கொண்டார். இவர் கந்தர் அந்தாதி பாடப் பாட, அவர் பொருள் சொல்ல வேண்டும். 53 பாட்டு வரைக்கும் ஜோராகப் போனது. 54-வது பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகள் மட்டும். வில்லியார் முழித்தார், தோற்றார். அருணகிரியார் காதை அறுக்கவில்லை. 'இனிமேல் யார் காதையும் தொடாதீர்' என்று அனுப்பிவிட்டாராம்.

இப்போது யாரும் காதைத் தொடுவதில்லை. எழுத்தில் தப்பு விட்டால் நேராக மானத்தில்தான் கை வைக்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர் கணக்கர். பைசா பிசகாத ஆள். அவர் தெருக்கோடிக் குளத்தில் சிலர் வீட்டுச் சாக்கடையைத் திருப்பிவிட, பக்கத்துக் கிணறெல்லாம் நாற்றம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. மனிதர் கொதித்துப்போய் ராத்திரியே மனு எழுதி, 30 கையெழுத்து வாங்கிவிட்டார். போட்டோ, தேதி, வீட்டு நம்பர் எல்லாம் கச்சிதம். கொடுக்கும்போது நானும் கூடப் போனேன். மனு இப்படி ஆரம்பித்தது:

'ஐயா, எங்கள் குலத்தில் சாக்கடை கலக்கிறது. உடனே வந்து குலத்தைச் சுத்தம் செய்யவும்.'

வாங்கினவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்கு நீட்டினார். அந்த மேஜையும் சிரித்தது. "ஏங்க, உங்க குலத்தை நாங்க எப்படிங்க சுத்தம் பண்றது?" நண்பருக்கு அறுபடாமலே காது சிவந்துவிட்டது.

சாக்கடை விட்டவர்கள் இன்னும் சமர்த்து. விசாரித்தபோது, "தமிழே ஒழுங்கா எழுதத் தெரியாதவர் புகார் சார் அது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சாக்கடையைப் பற்றி மூச்சே இல்லை!

இதுதான் சூட்சுமம். ஒரு எழுத்துப் பிழை நியாயத்தைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் எதிராளி தப்பித்து ஓடப் பின்வாசலைத் திறந்துவிடுகிறது. விஷயத்துக்குப் பதில் இல்லாதவன் எழுத்துக்குப் பதில் சொல்கிறான். நடுவில் நிற்பவரோ, 'ளகரத்தில் கவனமில்லாதவர் தேதியிலும் நம்பரிலும் மட்டும் கவனமாகவா இருந்திருப்பார்?' என்று யோசிக்கிறார். முப்பது கையெழுத்தையும் ஒரே ஒரு 'ல' கவிழ்த்துவிடுகிறது.

பேச்சில் இந்தத் தொல்லை கிடையாது. கடையில் 'வாளப்பளம்' கேட்டால் வாழைப்பழம்தான் வருகிறது. ரகரமும் றகரமும் நம்மில் பலர் வாயில் ஒன்றாகத்தான் ஒலிக்கின்றன. பேசும்போது முகம் இருக்கிறது, கை இருக்கிறது, 'அதில்ல சார்' என்று திருத்திச் சொல்ல நேரம் இருக்கிறது. காகிதத்தில் நமக்காக எழுத்து மட்டும் தனியாகப் போய் நிற்கிறது.

தெருவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருத்திக் கொடுக்க, இரண்டாவது மனு போனது. இந்தத் தடவை சிரிக்க ஒன்றும் கிடைக்காததால், வேறு வழியில்லாமல் கேட்டார்கள்: "எந்தக் குளம்?" மறுவாரம் ஆள் வந்து பார்த்தார்.

அடுத்தவன் கடுதாசியில் கொம்பும் சுழியும் எண்ணுகிற பண்டிதர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாகத் திருத்துங்கள். திருத்திவிட்டுக் குளத்தையும் எட்டிப் பாருங்கள். ஜெயித்த பிறகும் காதை விட்டுவைத்தாரே அருணகிரியார், அதுதான் புலமைக்கு அழகு.

மற்றபடி தம்பிமார்களே, நியாயம் உங்க பக்கம் இருந்தால், அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பாருங்கள். நியாயம் இல்லாதவர்கள் எப்படியும் ஆள் வைத்துப் பிழையில்லாமல்தான் எழுதுவார்கள்!