நூலுக்கு ஒரு சொல்



தை பிறந்தால் யாழ்ப்பாணத்து வானம் பட்டங்களுக்குத்தான். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி; எங்கள் வகுப்பில் ஈர்க்கு, கலர்ப் பேப்பர், பசை.

பேச்சுத் தாமதமான மகன் ஒருவன் எங்களிடம் படிக்கிறான். கை நீட்டினாலே எடுத்துக் கொடுத்துவிடுவோம். அன்பு என்றுதான் நினைத்திருந்தோம். அவன் வாய் திறக்கும் தேவையையே அது பறித்தது. "பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்" என்றார் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்.

இம்முறை நூலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஐந்து... ஏழு... "நூ" என்றான்.

"ஓம், நூல்! இந்தா நூல்" என்று கொடுத்தோம். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. வெளியே யாரோ ஏற்றிய பட்டத்தின் விண் கூவ, அவனும் "ம்ம்ம்" என்று கூடவே இழுத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

றமழானுக்குப் பிறை வெட்டும்போதும் இப்படித்தான், இன்ஷா அல்லாஹ். பெற்றோரே, பிள்ளையின் சொல்லை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.