வீராவுக்குக் காய்ச்சல்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபிஸ்ல ஆணி அதிகம், மிச்சம் இருந்த நேரமெல்லாம் ஒரு பழைய காரோட பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னேன். "என்கிட்ட பேசுறதைவிட அந்த ரேடியேட்டர்கிட்ட பேசுறதுதான் அதிகம்"னு தங்கமணி சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. அதனால இது கார் பதிவு. கவிதை தேடி வந்தவங்க மன்னிச்சுக்குங்க மக்களே, அடுத்த தடவை பார்த்துக்கலாம்.

கார் என்னுது இல்ல. அப்பாவோடது. 1997-ல வாங்கின புரோட்டோன் வீரா 1.5. அப்பா இருபது வருசத்துக்கு மேல செம்பனை லாரி ஓட்டினவர். ஊருக்கெல்லாம் சக்கரம் சுத்தினவர் தனக்குன்னு புதுசா வாங்கின ஒரே வண்டி இதுதான். ஞாயித்துக்கிழமை காலையில பசியாறிட்டு வாளியும் துணியுமா போய் நின்னார்னா வெயில் ஏறுற வரைக்கும் துடைப்பார். கண்ணு மங்க ஆரம்பிச்சதும் 2018-ல சாவியை என் கையில குடுத்தார். "பார்த்து வச்சுக்க" அப்படின்னார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் பார்த்து வச்சுக்கிட்ட லட்சணம்தான் இந்தப் பதிவு.

2019-ல அந்த 1.5 இன்ஜினைக் கழட்டிட்டு 4ஜி93டி போட்டேன். தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வீரா, மிட்சுபிஷி லான்சரோட சட்டையை மாத்திப் போட்டுக்கிட்ட தம்பி. அந்த லான்சர்ல ஜிஎஸ்ஆர்னு ஒரு ரகம் உண்டு, 1.8 லிட்டர், டர்போ, 195 குதிரை. வீராவோட 1.5-ல ஏறக்குறைய 90. ஜப்பான்ல பழசான காரை நடுவுல அறுத்து, முன்பாதியை அப்படியே கன்டெய்னர்ல ஏத்தி இங்க அனுப்புவாங்க. ஹாஃப் கட்னு பேரு. இன்ஜின், கியர் பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே பொட்டலமா கிடைக்கும். அண்ணன் இன்ஜின் தம்பி வயித்துல பெரிய தகராறு இல்லாம உட்காரும். அதனாலதான் மலேசியாவுல வீரா வச்சிருக்குற பாதிப்பேருக்கு இந்த ஆசை. புஸ்பகோம் சோதனை, ஜே.பி.ஜே.யில இன்ஜின் நம்பர் மாத்துறதுன்னு அலைஞ்சு முடிச்சேன். அப்பாகிட்ட "இன்ஜின் வீக்கா இருந்துச்சுப்பா, மாத்திட்டேன்"னு மட்டும் சொன்னேன். அவர் ஒரு ரவுண்டு வந்துட்டு இறங்கி, பானெட் மேல உள்ளங்கையை வச்சு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினார். லாரிக்காரங்க பழக்கம் அது. மூணுக்கு முன்னாடி கையை எடுத்துட்டார். "சூடு அதிகமா இருக்கே"ன்னார். "டர்போ அப்படித்தான்பா இருக்கும்"னேன். பெரிய இவனாட்டம்.

இந்த இன்ஜின்ல எக்ஸாஸ்ட் முன்பக்கம். அதாவது டர்போவோட சூடான பாதி ரேடியேட்டருக்கு நேர் பின்னாடி, மூஞ்சியோட மூஞ்சியா உட்கார்ந்திருக்கும். நடுவுல இருக்குறது ஃபேன் மட்டும். அந்த ஃபேனுக்கும் இடம் பத்தலன்னு பட்டறையில பழைய ஃபேனை அதோட பிளாஸ்டிக் கூண்டோட கழட்டிப் போட்டுட்டு, ஒல்லி ஃபேன் ஒண்ணை ரேடியேட்டர் மேலயே டை அடிச்சு மாட்டினாங்க. கீழ இருந்த தகடும் 'எதுக்கு இது, ஆயில் மாத்த இடைஞ்சல்'னு போயிடுச்சு. ஒரிஜினல் ஹீட் ஷீல்டு ஹாஃப் கட்டுலேயே வரல. நானும் கேக்கல. பூஸ்ட் மீட்டர் எங்க வைக்கிறதுங்கறதுதான் அன்னைக்கு எனக்குப் பெரிய கவலை.

2022, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அப்பாவை ஆஸ்பத்திரி செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, கோலாலம்பூர்ல இருந்து கிள்ளானுக்குத் திரும்புறோம். கூட்டரசு நெடுஞ்சாலையில வெள்ளிக்கிழமை ஜாம் எப்படி இருக்கும்னு சொல்லணுமா என்ன. அரை மணி நேரத்துல ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருப்போம். பிளாஸ்டிக் தீயிற வாசனை வந்துச்சு. பக்கத்து லாரியா இருக்கும்னு நினைச்சேன் (மனசு எவ்வளவு அழகா பொய் சொல்லுது பாருங்க). அப்புறம் ஏசி சூடா ஊதுச்சு. முள்ளைப் பார்த்தா நடுவுல சமத்தா நிக்குது. கண்ணை எடுத்துட்டு மறுபடி பார்க்குறேன், சிவப்புல நிக்குது. பானெட் ஓரத்துல இருந்து வெள்ளையா ஆவி.

ஓரங்கட்டி நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். ஃபேனுக்குப் போற வயர் டர்போ பக்கமா போயிருக்கு. மேல் உறை உருகி, செம்பு தெரிஞ்சு, ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கு. பானெட் அடியில இருந்த பஞ்சு ஒரு இடத்துல கறுத்து ஓரம் சிவப்பா கனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெட்ரோல் ஹோஸ் அங்கேர்ந்து ரொம்ப தூரம் இல்ல. இன்னும் அஞ்சு நிமிசம் நான் சுதாரிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப எழுதும்போதும் யோசிக்கப் பிடிக்கல.

அவசரத்துல துணியை எடுத்து ரேடியேட்டர் மூடியில கை வச்சேன். "தொடாதடா!" அப்பா குரல். அவர் அப்படிக் கத்திக் கேட்டு வருசக்கணக்காச்சு. அவரோட வலது முழங்கைக்குக் கீழ பளபளன்னு ஒரு தழும்பு உண்டு. லாரி ரேடியேட்டர் குடுத்தது. தண்ணி சாதாரணமா 100 டிகிரியில கொதிக்கும். 1.1 பார் மூடி போட்டு அழுத்தி வச்சா 120 தாண்டித்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடியே அழுத்தம் போய், உள்ள இருக்குறது பூரா ஒரே நேரத்துல கொதிச்சு மேல பாயும். இதெல்லாம் எனக்குப் புத்தகத்துல தெரியும். அவருக்குத் தோல்ல தெரியும்.

தண்ணி பாட்டிலால அந்தப் பஞ்சை அவர்தான் நனைச்சு அணைச்சார். இழுவை லாரி வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசல. வீட்டு வாசல்ல இறங்கும்போது, "அந்தப் பழைய இன்ஜின் ஒரு நாளும் என்னை நடுரோட்ல விட்டதில்ல"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் எங்க போனாலும் கிராப். "ஏறுங்கப்பா"ன்னா "நீ போ"ம்பார். கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல. சாதாரணமா சொல்லுவார்.

விக்கிறதா, சரி பண்றதான்னு ஒரு மாசம் முழிச்சேன். அப்புறம் காசைக் கொட்டாம முதல்ல அளந்து பார்ப்போம்னு முடிவு பண்ணினேன். நாலு முனை வச்ச தெர்மாமீட்டர் வாங்கி, ரேடியேட்டருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ஏர் ஃபில்டர் வாயில ஒண்ணு, பிரேக் ஆயில் டப்பா பக்கம் ஒண்ணுன்னு கட்டினேன். ஏர் ஃபில்டர் வாயில 60 டிகிரி! வெளிய வெயில் 34 தான்.

இந்த 26 டிகிரி வித்தியாசம் சும்மா இல்ல. டர்போ காத்தை அமுக்கும்போது காத்து சூடாகும், சைக்கிள் பம்பு அடி சூடாகுதே அந்த மாதிரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.8 பார் பூஸ்ட், கம்ப்ரஸர் எழுபது சதம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு வச்சுக்குவோம். 34-ல போற காத்து ஏறக்குறைய 115-ல வெளிய வரும். 60-ல போற காத்து 147-ல வரும். இன்டர்கூலர் பாவம், எவ்வளவைத்தான் இறக்கும்? சூட்டுக் காத்துல இன்ஜின் தட்டும், கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னாடி இழுக்கும், பவர் போகும், எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். தன் வாலைத் தானே கடிக்கிற நாய் கதை.

முதல் தப்பான வைத்தியம், பானெட் பின்பக்கக் கீல்ல வாஷர் வச்சுத் தூக்குறது. நம்ம ஊர்ல நிறைய பேர் பண்ணியிருப்பாங்க, நானும் பண்ணினேன். நிக்கும்போது சூடு மேல போகும், அது உண்மை. ஆனா ஓடும்போது கண்ணாடி அடிவாரத்துல காத்து மோதித் தேங்கி அழுத்தம் கூடுற இடம் அது. வெளிய போகவேண்டிய காத்து அந்த வழியா உள்ள வரும். சந்தேகம் இருந்தா அம்மா பூ கட்டுற நூலை விரல் நீளத்துக்கு வெட்டி பானெட் மேல வரிசையா டேப் போட்டு ஒட்டி, இன்னொருத்தரை ஓட்டச் சொல்லி பக்கத்து வண்டியில இருந்து பாருங்க. பின் ஓரத்து நூலெல்லாம் இடுக்குக்குள்ள உறிஞ்சிக்கிட்டுப் போச்சு. தங்கமணிதான் ஓட்டினாங்க. இந்தக் கூத்தை அக்கம்பக்கத்துல யாரும் பார்க்கலங்கறது அவங்க நம்பிக்கை.

ரெண்டாவது தப்பு, மேனிஃபோல்டுக்குத் துணி சுத்தினது. சூடு வெளிய வராதுதான். ஆனா உள்ள அடைஞ்ச சூட்டுல சாதாரண இரும்புல வெல்டிங் பண்ணின மேனிஃபோல்டு நாலே மாசத்துல விரிசல் விட்டுச்சு. மழையில நனைஞ்சா ஈரத்தை வேற புடிச்சு வச்சுக்கும். ஆயில் ஒழுகி ஊறினா அதுவே திரி. விளக்குத் திரியை இன்ஜின்ல சுத்தி வச்ச மாதிரி. அவுத்துத் தூரப் போட்டேன்.

உருப்படியா வேலை செஞ்சது எதுன்னா, வெக்கமா இருக்கு சொல்ல, பன்னிரண்டு வெள்ளி ஸ்பான்ஜ். ரேடியேட்டரைச் சுத்தி நாலு பக்கமும் விரல் போற இடைவெளி இருந்துச்சு. காத்து நம்மளை மாதிரி சோம்பேறி. நெருக்கமான ரேடியேட்டர் துடுப்புக்குள்ள நுழையறதுக்குப் பதிலா சந்துல பூந்து போயிடும். ஜாம்ல நிக்கும்போது இன்னும் மோசம், பின்னாடி போன சூட்டுக் காத்து அதே சந்து வழியா முன்னாடி திரும்பி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளயே போகும். சந்தையெல்லாம் அடைச்சேன். கீழ்த்தகடைத் தேடிப் பிடிச்சுத் திரும்ப மாட்டினேன். ஃபேனுக்கு அலுமினியத் தகட்டுல கூண்டு செஞ்சேன். கூண்டு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரா இருக்குற இடத்துல மட்டும்தான் இழுக்கும், மத்த மூலையெல்லாம் சும்மா கிடக்கும். ஜாம்ல முள் ஏறுறது இதுலேயே நின்னுடுச்சு.

அப்புறம் டர்போவுக்கு ஷீல்டு. முதல் ஷீல்டு பிஸ்கட் டின்னை வெட்டிச் செஞ்சது, சிரிக்காதீங்க. பெயின்ட் தீஞ்ச நாத்தத்துல தெருவே கூடிடுச்சு. ரெண்டாவது, முறையான இரும்புத் தகடு ரெண்டு அடுக்கு, நடுவுல பத்து மில்லிமீட்டர் காத்து இடைவெளி. டர்போ கூடு 600 டிகிரின்னா, அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாம வீசுற அனல் 300 டிகிரியில இருக்குற பொருளைவிட அஞ்சு மடங்குக்கு மேல. அனல் நேர்கோட்டுல வரும், வெயில் மாதிரி. குடை பிடிச்சாப் போதும். ஃபேன் வயரை ரேடியேட்டருக்கு மேல சுத்தி வேற வழியா கொண்டு போய், கண்ணாடி இழை உறை போட்டேன். ஏர் ஃபில்டருக்குப் பெட்டி கட்டி, பம்பருக்குப் பின்னாடி இருந்து வெளிக்காத்து இழுக்கக் குழாய் வச்சேன். 60 இருந்த இடத்துல ஓடும்போது 38.

கடைசியா மிஞ்சினது பானெட்ல ஓட்டை. உள்ள வந்த காத்து வெளிய போக வழி வேணும். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னாடி, பானெட்டோட முன் மூணுல ஒரு பாகத்துல அழுத்தம் குறைவு, அங்க வெட்டினா காத்து தானா மேல உறிஞ்சப்படும். மார்க்கர்ல கோடு போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா வெளிய வந்தார். கோட்டைப் பார்த்தார். "என் பானெட்டை வெட்டாத"ன்னார்.

'என்' பானெட். கிராப்ல போற மனுசன்!

பழைய கார் வெட்டுற கடையில நூத்தம்பது வெள்ளிக்கு வேற ஒரு பானெட் வாங்கி அதை வெட்டினேன். ஒரிஜினல், போர்வை சுத்தி ஸ்டோர் ரூம்ல பத்திரமா நிக்குது. வெட்டினதை மாட்டின அன்னைக்கு அப்பா நாற்காலியை எடுத்துப்போட்டு உட்கார்ந்து முழுசும் பார்த்தார். நிறுத்தின பிறகும் ஃபேன் ஏன் சுத்துதுன்னு கேட்டார். காத்தும் தண்ணியும் நின்ன பிறகுதான் டர்போவோட சூடு மெதுவா மத்த இடத்துக்குப் பரவும், அதனால சில நிமிசம் ஓடவிடுறேன்னு சொன்னேன். "லாரியையும் மலை ஏறினா உடனே அணைக்க மாட்டோம்"னார்.

போன மாசம் பெந்தோங்ல சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். காலையில சட்டை போட்டுக்கிட்டு வந்தவர், போனை எடுக்கல. நேரா முன் சீட்டுல ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டார். நானும் ஒண்ணும் கேக்கல. கோம்பாக் தாண்டி காராக் நெடுஞ்சாலை ஏத்தம் பூரா ரெண்டு பேர் கண்ணும் ரோட்ல இல்ல, மீட்டர்ல. 92, 94, 95. அதுக்கு மேல போகல. கெந்திங் செம்பாவுல நிறுத்தினேன். ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கு. இறங்கி, முன்பக்கம் வந்து, உள்ளங்கையை பானெட்ல வச்சார். நான் சத்தம் வராம கூடவே எண்ணினேன். ஏழுல எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.