பலகையும் காணியும்

விளையாட்டு என்பது வாழ்க்கையின் கவலைகளிலிருந்து சற்று நேரம் விடுதலை பெறும் வழி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மனிதன் தன் விளையாட்டுக்களை ஆகாயத்திலிருந்து இறக்கிக்கொள்வதில்லை. தான் வாழும் சமுதாயத்தில் எதைக் காண்கிறானோ, எதற்கு ஆசைப்படுகிறானோ, எதைக் கண்டு அஞ்சுகிறானோ, அதையே கட்டம் கட்டமாகக் கீறிக் காய்களை வைத்து ஆடுகிறான். அரசர்கள் போரிட்டு நாடு பிடித்த காலம் சதுரங்கத்தைத் தந்தது. வினைப்பயனையும் மோட்சத்தையும் நம்பிய காலம் பாம்புகளும் ஏணிகளும் நிறைந்த பரமபத படத்தைத் தந்தது. காணியும் வாடகையும் மனிதனை ஆட்டிவைக்கும் காலத்தின் விளையாட்டு எது என்பதை அண்மையில் பாமன்கடையில் கண்டோம்.

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரைச்சலை விட்டு, சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயரைத் தாங்கிய மாவத்தை வழியே உள்ளே நடந்தால் பாமன்கடைப் பக்கம் வந்துவிடலாம். கொழும்பு மாநகரின் தெற்கு எல்லையில், வாய்க்காலோரம் அமைந்த பகுதி. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வாசல்களில் வாழும் இடம். அங்கே பலகை விளையாட்டுக்களுக்கென்றே மேசைகள் போட்டிருக்கும் கோப்பிச்சாலை ஒன்றுக்கு நண்பர்கள் எம்மை அழைத்துச் சென்றனர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இன்னொருவர் வங்கியில் கணக்கெழுதுபவர். மூன்றாமவர் அச்சகம் ஒன்றில் வேலைசெய்யும் சிங்களத் தோழர்.

கோப்பிக்கு ஒரு விலை. இருக்கும் கதிரைக்கு மணிக்கணக்கில் வேறொரு விலை. இதைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. அங்கிருந்த இளைஞர்கள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாளில் அது சிறிய காரியமன்று. ஒரு சுவர் முழுவதும் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. 1995இல் ஜெர்மனியில் வெளியாகி உலகெங்கும் பரவிய ‘கட்டான்’ என்ற ஆட்டமும் அவற்றுள் இருந்தது. குடியேற்றக்காரர் ஒரு தீவிலே இறங்கி வீதியும் ஊரும் அமைப்பது அந்த ஆட்டம். அத்தீவில் முன்பே வாழ்ந்த மனிதர் எவரும் இல்லை. “தீவுக்காரர் நாங்கள் இதை எப்படி விளையாடுறது?” என்று சிங்களத் தோழர் தமது தமிழிலே கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். கடைசியில் ஆசிரியர், தாம் சிறுவயதில் ஆடியதென்று, ஏகபோகம் என்று பொருள்படும் ‘மொனோபொலி’யை எடுத்தார்.

அது இலண்டன் வீதிகளைக் கொண்ட பலகை. முப்பதுகளில் அச்சிடப்பட்ட காலந்தொட்டு, ஆங்கிலேயர் ஆட்சி பரவிய நாடுகளின் பிள்ளைகள் தாம் காணாத அந்நகரின் வீதிகளை இதனால் மனப்பாடம் செய்தார்கள். நாம் வீதிகளுக்கு மறுபெயர் சூட்டினோம். விலை உயர்ந்த மேஃபெயர் கறுவாத்தோட்டம் ஆயிற்று. விலை குறைந்த பழைய கெண்ட் வீதி கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றாயிற்று. நடுவிலே காலி வீதியும் ஹவ்லொக் வீதியும் வந்தன.

முதல் அரைமணி நேரம் ஆட்டம் இனிமையாகவே சென்றது. எல்லோரிடமும் பணம் இருந்தது. எல்லோரும் கொடையாளிகளாக இருந்தோம். பிறகு வங்கி நண்பர் ஒரு நிறத்துக் காணிகள் மூன்றையும் சேர்த்துக்கொண்டார், வீடுகள் எழுந்தன, வீடுகள் ஹோட்டலாயின. அதன்பின் அவர் திறமையாக ஆடவேண்டிய தேவையே இருக்கவில்லை. மற்றவர்கள் பகடையை உருட்டிக்கொண்டு அவரது காணியில் வந்து விழுந்தால் போதும்.

“அண்ணை, ஹோட்டல் கட்டியிருக்கிறன். வாடகையை எடுங்கோ” என்றார் அவர்.

ஆசிரியர் கையிலிருந்த கடதாசிக் காசை எண்ணிப் பார்த்தார். “தம்பி, போன கிழமைதான் வீட்டுக்காரர் வந்து வாடகையைக் கூட்டவேணும், முற்பணமும் புதிசாய்த் தரவேணும் எண்டவர். இஞ்ச வந்தாலும் இதே கதைதானே?”

சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. ஆசிரியர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தவர். அவர் வாழ்வில் எந்தக் கணக்கில் பிழை விட்டார் என்று எவராலும் சொல்ல முடியாது. பிழை கணக்கிலன்று, விதியிலே இருக்கிறது. தலையெழுத்தைச் சொல்லவில்லை, ஆட்டத்தின் விதியைச் சொல்கிறோம்.

இந்த விளையாட்டின் பிறப்பை அறிந்தவர்கள் சிலரே. 1879இல் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலை வெளியிட்டார். நாடு முன்னேறும்போது வறுமையும் ஏன் கூடவே வளர்கிறது என்பது அவர் எழுப்பிய கேள்வி. நிலத்தின் மதிப்பை உயர்த்துவது ஊரார் அனைவரின் உழைப்பு. அந்த உயர்வை விழுங்குபவனோ நிலச் சொந்தக்காரன். ஆகவே அதை வரியாக எடுத்துப் பொதுவுக்குச் சேர்க்கவேண்டும் என்பது அவர் கண்ட விடை. இக்கருத்தில் பற்றுக்கொண்ட எலிசபெத் மேகி என்ற பெண்மணி, சுருக்கெழுத்தாளராக வேலைசெய்து வாழ்ந்தவர். நூலைப் படிக்காதவர்களுக்கும் இந்த உண்மை விளங்கவேண்டுமென்று ‘நிலக்கிழாரின் விளையாட்டு’ என்ற பலகையை உருவாக்கி, 1904ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி காப்புரிமையும் பெற்றார்.

அப்பலகையின் ஒரு மூலையில் பூமித்தாயின்மீது உழைப்பவர் கூலி பெறுவார் என்ற பொருள்பட எழுதியிருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் ஆடுபவருக்குக் கூலி கிடைத்தது. இன்னொரு மூலையில் கடனிறுக்க முடியாதவர் சென்று சேரும் ஏழையர் விடுதி இருந்தது. பின்னர் மேகி இந்த ஆட்டத்துக்கு இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றின்படி, ஒருவன் மற்றவர் அனைவரையும் ஓட்டாண்டியாக்கினால் வெற்றி. மற்றதன்படி, நிலவாடகை பொதுவுக்குச் சேர்ந்து, செல்வம் பெருகும்போது அனைவரும் பயன்பெற்றனர். ஒரே பலகை, ஒரே காய்கள். விதி மாறினால் முடிவும் மாறும். இதை மக்கள் தம் கையாலேயே ஆடி உணரவேண்டும் என்பதே அந்தப் பெண்மணியின் நோக்கம்.

நடந்தது வேறு. அந்த ஆட்டம் கைக்குக் கை பரவி, பொருளாதார மந்த காலத்தில் வேலையிழந்திருந்த சார்ள்ஸ் டாரோ என்பவரிடம் வந்தது. 1935இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் அதை அவர் பெயரில் வாங்கி ‘மொனோபொலி’ என வெளியிட்டது. மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டொலர் மட்டுமே. இரண்டு வகை விதிகளுள் எது நிலைத்தது என்று சொல்லவும் வேண்டுமோ? பூமித்தாயும் உழைப்பும் பலகையிலிருந்து மறைந்தன. கூலி மட்டும் காரணம் கூறாத பணமாக எஞ்சியது. சுரண்டலை எச்சரிக்கப் பிறந்த ஆட்டம் சுரண்டலின் இன்பத்தைக் கற்பிக்கும் ஆட்டமாயிற்று. 1973இல் ‘எதிர் ஏகபோகம்’ என்ற ஆட்டத்தை வெளியிட்ட பொருளியல் பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக், அதன் பெயருக்காக அந்நிறுவனத்துடன் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. அதன் பயனாகவே இந்தக் கதை வெளிச்சத்துக்கு வந்தது.

மேகி இன்றிருந்து பாமன்கடைக்கு வந்திருந்தால், பாடம் சொல்லப் பலகை தேவைப்பட்டிராது. ஹவ்லொக் வீதியோரம் வானளாவ நிற்கும் தொடர்மாடிகளைக் காட்டினாலே போதும். ஏறத்தாழ 18 ஏக்கர் பரந்த அந்த நிலத்தில்தான் முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்த இளைஞர்கள் அவர்களோடு நின்றார்கள், கொல்வின் ஆர். டி சில்வா அவர்களது சங்கத்தின் தலைவராக இருந்தார். அதுவரை தொழிலாளர் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்கவோ வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். மலையாளி என்றும் சிங்களவன் என்றும் உழைப்பவரைப் பிரித்துவைத்தால் ஆலை முதலாளிக்கு வேறு காவல் வேண்டியதில்லை என்பதை அன்றே இந்த மண் கண்டுவிட்டது. இன்று தறியோசை இல்லை. தறி நின்ற நிலத்தின் மதிப்பு மட்டும் மாடிமேல் மாடியாக உயர்ந்து நிற்கிறது.

விதியை மாற்றும் முயற்சி இந்நாட்டில் நடக்காமலில்லை. 1970 முதல் 1977 வரை வீடமைப்பு அமைச்சராயிருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன். 1973ஆம் ஆண்டின் முதலாம் இலக்க வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு எல்லையிட்டது. மிகுதி வீடுகள் அரசைச் சேர்ந்தன. அவற்றில் வாடகைக்கு இருந்தவர்கள் உரிமையாளராகும் வழி திறந்தது. கொழும்பில் எத்தனையோ எளிய குடும்பங்கள் உறுதிப் பத்திரம் என்ற ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தது அச்சட்டத்தினால்தான். அதில் குறையில்லை என்று சொல்லமாட்டோம். வாடகைக்கு விட அஞ்சிப் பலர் வீடு கட்டுவதையே நிறுத்தினர் என்ற குற்றச்சாட்டை இலகுவில் தள்ளிவிட முடியாது. ஆயினும் விதி தெய்வம் எழுதியதன்று, மாற்றத்தக்கது என்பதை அச்சட்டம் நிறுவிற்று. அதே 1973இல் தொடர்மாடி வீடுகளைத் தனித்தனியே உடைமையாக்க வழிசெய்யும் சட்டமும் பிறந்தது. 1977க்குப் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தில் எந்தச் சட்டம் செழித்தது என்பதை வெள்ளவத்தையின் ஒழுங்கைகள் சொல்லும். மாமரமும் முற்றமும் இருந்த வீடுகள் இடிந்தன. போரினால் வடக்கிலிருந்து வந்தவர்களின் தேவையும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசும் சேர்ந்து மாடிகளை உயர்த்தின.

இவ்வளவையும் காட்டும் பலகை ஒன்றை மட்டும் மறைக்கிறது. அங்கே எல்லோரும் ஒரே தொகையுடன் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். பகடை எல்லோருக்கும் ஒன்றுபோலவே உருள்கிறது. பாமன்கடைக்காரரிடம் இதைச் சொன்னால் நம்புவாரா? 1983 ஜூலையில் இப்பகுதியில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, உறுதி வைத்திருந்தவரும் வாடகைக்கு இருந்தவரும் ஒன்றாகவே பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாகப் படுத்திருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் தேதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். வாடகை கொடுக்கத் தவறியது அவர்கள் குற்றமன்று. மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. விதியைக் காக்க ஒரு மன்றமாவது இருந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு நாளை யார் திருப்பிக்கொடுப்பார்?

இந்தப் பாடங்களுக்கு அமெரிக்கப் பலகைதான் வேண்டுமென்பதில்லை. நம் பாட்டிமார் பல்லாங்குழியிலே அதை அறிந்திருந்தார்கள். எல்லாக் குழிகளிலும் சமமான முத்துக்களுடன் தொடங்கும் ஆட்டம், ஒருவர் குழிகள் வறண்டு மற்றவர் குவித்துக்கொள்வதில் முடிகிறது. பேராசிரியர் தொ. பரமசிவன் அதில் தனியுடைமை தோன்றிய கதையைக் கண்டார். இதைக் கேட்ட சிங்களத் தோழர், சித்திரைப் புத்தாண்டில் தம் ஊர்ப் பெண்கள் ஆடும் ‘ஒலிந்த கெளிய’வும் இதுதான் என்றார். ஒலிந்த என்பது குன்றிமணி. இரு மொழிப் பெண்களும் இரு வரிசைக் குழிகளில் ஒரே விதையை இட்டு ஆடியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆட்டத்துக்குக் கதிரை வாடகை இருந்ததில்லை. திண்ணை போதும். ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்திரிகைக்குப் பக்கத்தில் கிடந்த கரம் பலகைக்கும் எவரும் மணிக்கணக்கில் காசு கேட்டதில்லை.

மாடிவீட்டில் திண்ணை இல்லை. ஒழுங்கையில் வாகனங்கள் நிற்கின்றன. காணியின் விலை ஏற ஏற, விலையில்லாமல் மனிதர் கூடும் இடங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கூடுவதற்கும் வாடகை வந்துவிட்டது. வீதியையும் பள்ளிக்கூடத்தையும் பஸ்ஸையும் தந்து இந்நிலத்தின் மதிப்பை உயர்த்தியவர்கள் பொதுமக்கள். அந்த உயர்வில் ஒரு பங்கை வாசிகசாலையாகவும் விளையாட்டிடமாகவும், ஆசிரியர் போன்றோர் அச்சமின்றிக் குடியிருக்கும் வீடாகவும் திருப்பிக் கேட்பது பிச்சையன்று, கணக்குத் தீர்ப்பதே. மேகி வகுத்த இரண்டாவது விதிமுறையைப் பெட்டியில் சேர்த்துவைக்க எந்த வியாபாரியும் வரமாட்டான். அதை எழுதவேண்டியவர்கள், பகடையை உருட்டி உருட்டிப் பிறர் காணியில் விழுந்துகொண்டிருக்கும் நாம்தான்.