வாடை வீசும் ஊரில்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஒரு பேருந்து தவறினால் அடுத்தது வந்துவிடும். நாள்தோறும் இவ்வழியே கல்லூரிக்குச் சென்று திரும்பும் நமக்கு, சாலை மூடப்படும் என்னும் எண்ணமே அந்நாளில் எழுந்ததில்லை. (2024இல் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் நம் சாலைகளை மறித்தது பிற்காலச் செய்தி.) 2019 சனவரியில் நோர்வேயின் வடகோடியிலுள்ள போட்ஸ்ஃபியூர் என்னும் மீன்பிடி ஊருக்குச் சென்றபோதே அது விளங்கிற்று.

ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே, 70 பாகையையும் கடந்த அவ்வூரின் மக்கள் ஏறக்குறைய ஈராயிரவர். அவர்களுள் தமிழரும் உளர். ஈழப்போரினால் 1980களில் புலம்பெயர்ந்த இளைஞர் பலர், ஃபின்மார்க் கரையோர ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகளில் பணிக்கமர்ந்தனர். பின்னர்ப் பலர் ஒஸ்லோ முதலிய தென்பகுதி நகரங்களுக்குப் பெயர்ந்தனர், சிலர் தங்கிவிட்டனர். தங்கியவர்களுள் ஒருவரின் தம்பி, சென்னையில் நம்முடன் எம்.ஃபில். பயின்றவர், அவர் அழைப்பின்பேரில் சென்றோம்.

கிர்க்கனெஸ் விமான நிலையத்திலிருந்து காரில் அழைத்துச் சென்றார். மரமே இல்லாத பனிமேட்டைக் கடக்கும் சாலையின் தொடக்கத்தில் தடுப்புக்கட்டை விழுந்திருந்தது. காற்று மிகும்போது எவரும் தனியே செல்லலாகாது. பனி அகற்றும் வண்டி வரும்வரை காத்திருந்து, அதன்பின் வரிசையாகச் செல்லவேண்டும். வரிசையின் கடைசியிலும் காவல்வண்டி ஒன்று வரும். காற்று மேலும் மிகுந்தால் அதுவும் இல்லை. அன்று இரண்டு மணி நேரம் காரிலேயே அமர்ந்திருந்தோம். எரிபொருளும் கம்பளியும் உணவும் இன்றி அவ்வழியில் யாரும் புறப்படுவதில்லை. ஆண்டுதோறும் நெடுநல்வாடை நடத்தும் நாம், வாடை என்னும் சொல்லின் பொருளை அந்தக் கார்க் கண்ணாடி வழியே கண்டோம்.

கடலில் வெப்ப நீரோட்டம் வருவதால் துறைமுகம் உறைவதில்லை. குளிரும் நாம் அஞ்சிய அளவுக்கு இல்லை. தெருவோ கண்ணாடி போன்றது! செருப்பின் அடியில் இரும்பு முள் பூட்டிக்கொண்டு கிழவரும் குழந்தைகளும் இயல்பாய் நடக்க, நாம் மட்டும் சுவரைப் பிடித்துச் சென்றோம். “காலைத் தூக்கி வையாதையும், பதிச்சு வைச்சு நடவும்” என்றார் நண்பர். இருளில் வண்டியோட்டிகள் காணும்படி, ஒளி பட்டால் மின்னும் வில்லை ஒன்றை நம் மேலங்கியில் தொங்கவிட்டார். வீட்டினுள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவது மட்டும் நம்மூர் வழக்கமே.

திசைதான் பெருங்குழப்பம். நவம்பர் இறுதி தொடங்கிச் சனவரி மூன்றாம் வாரம் வரை அங்கே கதிரவன் எழுவதில்லை. நண்பகலில் சில மணிநேரம் நீலநிற மங்கல் ஒளி மட்டுமே. இங்கே மேற்கு நோக்கித் தொழும் நமக்கு அங்கே கிப்லா ஏறத்தாழத் தெற்கு. நண்பர் துறைமுக விளக்குகளைக் காட்டி, அவற்றை வைத்துத் திசையைக் கணக்கிட்டுச் சொன்னார். தொழுகை நேரத்திற்கு இரவும் பகலும் பிரிந்து தெரியும் ஊரின் கணக்கையே பின்பற்றினோம்.

அவ்வாண்டு பொங்கல் சனவரி 15ஆம் நாள். கதிரவனுக்குரிய விழா, கதிரவனோ இல்லை. தள்ளிவைக்கலாமே என்று கேட்டோம். நண்பரின் அண்ணி சிரித்தார். மின்னடுப்பில் பானை பொங்கியதும் பிள்ளைகள் தெற்குச் சாளரத்தருகே ஓடினர். மலைமுகட்டின்மேல் மெல்லிய செந்நிறக் கோடொன்று தெரிந்தது. அதை நோக்கிக் கும்பிட்டனர். “இன்னும் ஒரு கிழமையிலை வந்திடும்” என்றபடி அண்ணி நமக்கு முதற்கரண்டியைப் பரிமாறினார்.