மரத்தூளின் கணக்கு

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் மூட்டை தூக்கியும் கூலி வேலை பார்த்தும் பிழைத்தவர்கள். கோமுகி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் ஒரே நேரத்தில் பல சிதைகள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்று செய்தி வந்தது. அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், ஒரு காலத்தில் மெத்தனாலை மரத்திலிருந்தே எடுத்தார்கள் என்று தெரிந்தது. காற்றுப் புகாத கலனில் மரத்தைச் சூடாக்குவார்கள். கரி உள்ளேயே தங்கிவிடும். வெளியேறும் ஆவியைக் குளிரவைத்தால் வரும் நீரில் தாரும் புளிக்காடியின் அமிலமும் மெத்தனாலும் கலந்திருக்கும்.

அதே கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தைச் செதுக்கியே பெயர் வாங்கிய ஊரில், செதுக்கி விழும் மரமெல்லாம் எங்கே போகிறது? சின்னசேலத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். "நேர்ல வாங்க, காட்டுறேன்" என்றார்.

அவர் கூட்டிப்போன பட்டறையில் வாகைப் பலகையில் ஒரு கஜலட்சுமி உருவாகிக்கொண்டிருந்தாள். வாசக்காலுக்கு மேலே பதிப்பதற்கு. ஐம்பது வயதைத் தாண்டிய ஆசாரி கொட்டாப்புளியால் உளியின் தலையைத் தட்டத் தட்ட, முதலில் விரல் நீளச் சில்லுகள் தெறித்தன. யானையின் துதிக்கைக்கு வந்ததும் சின்ன உளிக்கு மாறினார். நகம் போன்ற சீவல்கள் விழுந்தன. பக்கத்தில் ஒரு பையன் முடிந்த சிலையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். அது மாவு போன்ற தூள். வாகைத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதால் முகத்தைத் துண்டால் கட்டியிருந்தான். "வாங்குற கட்டையில பாதி கீழதாங்க விழுது" என்றார் ஆசாரி. விழுந்ததை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வாசலில் சாக்கோடு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கை காட்டினார்.

கருணாபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் அவர். பிறந்தது கல்வராயன் மலை அடிவாரத்தில். சிறுமியாக இருக்கும்போதே அம்மாவோடு காட்டில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாக டவுனுக்குக் கொண்டுவந்து விற்றிருக்கிறார். வனத்துறையின் கெடுபிடி கூடியபோது அந்தப் பிழைப்பு போயிற்று. சுமை தூக்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தார். கணவர் நோயில் போய்ச் சேர்ந்தபின் பட்டறைகளைப் பெருக்கித் தரும் வேலை கிடைத்தது. கூலி காசாக இல்லை. பெருக்கிய தூள்தான் கூலி. அதைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் தெருவில் உள்ள வீடுகளுக்கும் விற்று இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

"அந்த ஜூன் மாசம் எங்க பக்கம் எந்த வீட்லயும் அடுப்பு பத்த வைக்கல சார். யார் வீட்டுக்குன்னு போய் அழுவுறது?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மரத்தூள் அடுப்பு எப்படிக் கட்டுவதென்று தன் வீட்டு வாசலிலேயே செய்து காட்டினார். ஒரு தகர டின். அடியில், பக்கவாட்டில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு கட்டையை நுழைத்து, டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தினார். சாக்கிலிருந்து ஒரு பிடி தூள் எடுத்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்துத் திறந்தார். உருண்டையாக நின்றால் ஈரம், பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்தது. உதிர்ந்தது. பாட்டிலைச் சுற்றித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கட்டை விரல்களால் அழுத்தி, மறுபடி போட்டு அழுத்தினார். டின் நிறைந்ததும் பாட்டிலைத் திருகி மேலே உருவினார், கட்டையைப் பக்கவாட்டில் இழுத்தார். நடுவே நேரான குழாய் போல ஒரு வழி. தூள் ஒரு துளி சரியவில்லை. கீழ் ஓட்டையில் காகிதத்தைக் கொளுத்தி வைத்தார். சோறு, குழம்பு, பிறகு குளிக்க வெந்நீர். ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மணிக்கணக்கில் கனன்றது.

ஆனால் அவருக்குக் கிடைக்கும் தூள் குறைந்துகொண்டே வருகிறது. இப்போது பட்டறைகளுக்கும் மர அறுவை மில்களுக்கும் லோடு வண்டி வருகிறது. தூளை அழுத்திக் கட்டையாக்கும் பிரிக்கெட் ஆலைகளுக்குப் போகிறது. சேலம் சாலைப் பக்கம் அப்படி ஓர் ஆலையை எட்டிப் பார்த்தோம். பசை எதுவும் சேர்ப்பதில்லை. அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறியதும் தூளைப் பிடித்துக்கொள்கிறது. தூளில் ஈரம் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டை உடைந்துவிடும். அந்த அம்மா கைப்பிடியில் பார்த்த ஈரத்தை இங்கே கருவி வைத்துப் பார்க்கிறார்கள். கட்டைகள் நிலக்கரிக்குப் பதிலாகப் பாய்லர்களில் எரிகின்றன. இது நல்ல காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படியும் மட்கியோ எரிந்தோ போகிற கழிவு, பூமிக்கடியில் கிடக்கும் கரியின் இடத்தைப் பிடிக்கிறது. இதற்காகவே மரத்தை வெட்டத் தொடங்கினால் மட்டும் அந்த நியாயம் போய்விடும்.

என்னைக் கொதிக்க வைத்தது வேறு. பட்டறை வாசலில் தூளை எடுப்பது மூட்டைக் கணக்கில். ஆலையில் விற்பது எடைக் கணக்கில். தரகரின் ஆள் சாக்குக்குள் இறங்கி மிதிமிதியென்று மிதித்து, இரண்டு மூட்டைத் தூளை ஒன்றாக்குவதை நான் நின்று பார்த்தேன். ஆசாரிக்கு ஒரு மூட்டைக்கான காசு. பெருக்கிச் சேர்த்தவருக்கு அதுவும் இல்லை. முன்பு கூலியாக வந்த தூளும் குறைந்துவிட்டது. பசுமை எரிபொருள் என்று மேடைகளில் பேசுகிறோம். அந்தப் பசுமையின் முதல் கண்ணியில் நிற்கும் பெண்ணின் அடுப்பிலிருந்து எடுத்துத்தான் அதைக் கொடுக்க வேண்டுமா? நிலக்கரியை மிச்சப்படுத்தியதற்கான லாபத்தில் அவருக்கு ஒரு பங்கு இல்லையென்றால், பழைய கொள்ளைக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

வேறு மாதிரி நடந்த இடம் தமிழ்நாட்டிலேயே உண்டு. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2003 வாக்கில் 9 கிலோவாட் எரிவாயு உற்பத்திக் கலனை நிறுவியது. அறுவை மில்லில் கழியும் மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் எரித்து, கிடைத்த வாயுவில் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். மிச்சமான மின்கட்டணம் ஊராட்சியின் பணம்.

மெத்தனாலுக்கும் நம் பக்கத்திலேயே வரலாறு இருக்கிறது. கர்நாடகத்தின் பத்ராவதியில் 1923-இல் இயங்கத் தொடங்கிய மைசூர் இரும்பாலை, மரத்தை வாலையிலிட்டுக் கரி எடுத்தது. அதன் உப பொருள்களில் மெத்தனாலும் ஒன்று. ஸ்வீடனில் சோத்ரா நிறுவனம் 2020 முதல் காகிதக்கூழ் ஆலைக் கழிவிலிருந்து மெத்தனால் எடுக்கிறது. 2023-இல் மெத்தனாலில் ஓடும் சரக்குக் கப்பல் கடலில் இறங்கிவிட்டது. நாளை இந்தியாவிலும் மரக்கழிவு மெத்தனால் வரலாம், வரட்டும். ஆனால் உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கருக்கும் அந்தத் திரவம், எந்தத் தொட்டியிலிருந்து எந்த வண்டியில் யார் கைக்குப் போகிறது என்று லிட்டர் லிட்டராகக் கணக்கு வைத்த பிறகு வரட்டும். கருணாபுரத்துக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு இப்போதே செய்யக்கூடியது அதைவிடச் சின்னது. சிற்பப் பட்டறைகளின் தூள் மட்டும் ஒரு பிரிக்கெட் இயந்திரத்துக்குக் காணாது. மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோவை விழுங்கும் இயந்திரம் அது. அறுவை மில் தூள், மக்காச்சோளச் சக்கை, மரவள்ளிக் குச்சி எல்லாவற்றையும் சேர்த்தால் காணும்; இந்த மாவட்டத்தில் இவற்றுக்குக் குறைவில்லை. கைவினைஞர்களும் தூள் சேர்க்கும் பெண்களும் உறுப்பினர்களாக உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கம், கூரை போட்ட ஓர் உலர்களம் என்று தொடங்கலாம். இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு மின்னணுத் தராசு வாங்கிப் பட்டறைத் தெருவில் வைத்து, மூட்டைக் கணக்கை ஒழித்துக் கிலோக் கணக்கில் தூளை விற்கத் தொடங்கட்டும்.